மாட்டுக்குப் போடும் ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்



திருக்கழுக்குன்றம் மலைக்கு நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, கோயிலில் வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டுப் போகும் என்று உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஊருக்கே பேர் தந்த அந்தக் கழுகுகள் இப்போது வருவதில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் அந்த இனத்துக்குத் தமிழில் ‘பாறு’ என்று அழகான பழைய பேர் இருக்கு. பேர் இருக்கு, பறவைதான் இல்லை.

இந்தியாவில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பறவை இது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் மிஞ்சியது. அவற்றை யாரும் சுடவில்லை, பொறி வைத்தும் பிடிக்கவில்லை. கொன்றது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. நம் மூட்டுவலிக்குப் போடுகிற அதே மருந்துதான். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து அதுவும் சாகும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், இனமே அழியும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. ஒரு சடலத்தைச் சுற்றிக் கூட்டமாகத் தின்னும் பறவை, வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. விழுந்தால் எழ முடியாது.

“கழுகு செத்தா நமக்கென்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாறு மறைந்ததும் சடலங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் இதனால் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று 2024-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிடுகிறது. சம்பளம் கேட்காத தூய்மைப் பணியாளரை நாமே விஷம் வைத்துக் கொன்றோம்.

மிச்சம் இருப்பது எங்கே? தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாகக் கூடு கட்டும் முக்கியமான இடம், நீலகிரியின் அடிவாரத்தில் சீகூர் மேட்டுநிலமும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும். மலை மறைப்பதால் மழை குறைந்த முள்காடு அது. ஆற்றங்கரையில் நிற்கும் உயரமான நீர்மருது மரங்களில்தான் கூடு. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து எண்ணியபோது எல்லா வகைப் பாறும் சேர்த்துக் கிடைத்தது 320. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காருகிற கூட்டம்!

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்கணும். அந்த முள்காட்டுக்குள் மசினகுடி, மாயாறு, வாழைத்தோட்டம், சிறியூர் என்று ஊர்கள் இருக்கு. இருளர், குறும்பர் உட்பட எத்தனையோ மக்கள், அவங்க பட்டி மாடுகள். “மனுசனை வெளியேத்து, காடு தானா பிழைக்கும்” என்பதுதான் பலரும் சொல்கிற சுலபமான தீர்வு. யானை வழித்தடத்தை மறித்துக் கட்டிய சொகுசு விடுதிகளையும் தலைமுறையாக மாடு மேய்க்கிறவரையும் ஒரே தராசில் வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. விடுதி போகட்டும், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மாடு மேய்க்கும் குடும்பத்தை விரட்டினால் பாறு பிழைக்குமா? ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய பறவை அது. காலையில் மாயாற்றில் கிளம்பினால் பந்திப்பூர், வயநாடு என்று சுற்றும். குண்டலுப்பேட்டையில் ஒரு மாட்டுக்குத் தப்பான ஊசி போட்டால் நீலகிரியில் கூட்டில் குஞ்சு சாகும். இதற்கு எந்த ஊரைக் காலி செய்வீங்க?

சட்டம் இல்லாமல் இல்லை. கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. உடனே மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால் 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாறுக்கு ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல்தான் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடையாயின. ஒன்றைத் தடுத்து அடுத்ததைத் தடுக்க 17 வருசம். வேகத்தைப் பாருங்க.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. புலி ஒருத்தரோட மாட்டை அடிக்குது. இழப்பீட்டுக்கு அலைய விட்டால், ஆத்திரத்தில் யாராவது சடலத்தில் விஷம் தடவினால் போதும். புலியோடு பாறுக் கூட்டமும் போகும்.

ஆகவே தமிழ்நாடு அரசிடம் நாங்கள் கேட்பது: வனவிலங்கு அடித்த கால்நடைக்கு ஒரே வாரத்தில் இழப்பீடு கையில் கிடைக்கணும். பட்டிகளைத் தேடிப் போகிற நடமாடும் கால்நடை மருத்துவமனை வேணும்; மருத்துவர் வராத ஊரில்தான் கைக்குக் கிடைத்த ஊசி ஏறுது. பாறுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் மருந்தை அங்கே இலவசமாகக் கொடுக்கணும். மருந்துக்கடைச் சோதனையை மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் நடத்தணும். இதெல்லாம் ஒரு சொகுசு விடுதி கட்டும் செலவைவிடப் பெரிதாக ஆகிவிடாது.

நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்ட உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்க மாட்டுக்கு ஊசி போட வரும்போது மருந்தின் பேரைக் கேளுங்க. டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்றால் வேண்டாம்னு சொல்லி, மெலாக்சிகாம் கேளுங்க. தடை செய்த மருந்தை மாட்டுக்கென்று எந்தக் கடையாவது கொடுத்தால், கடை பேரும் தேதியும் குறித்து எங்க ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுங்க. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகாரை நாங்க கொண்டு போறோம்.