கைத்துப்பாக்கிச் சுடுதல்: நம் பிள்ளைகள் பயிலலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிபு தொழுகை முடிந்த வேளையில், மதுரை நெல்பேட்டையில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தம் மனைவியோடும் மகனோடும் என் இல்லத்திற்கு வந்தார். மகன் பதினொன்றாம் வகுப்பு மாணவன். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். அவனுக்குக் கைத்துப்பாக்கி சுடும் போட்டியில் சேர வேண்டுமென்று ஆசை. தந்தைக்கு அரை மனது. தாய்க்கோ அறவே சம்மதமில்லை.

"ஹஜ்ரத், ஊரில் எத்தனையோ விளையாட்டு இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை கையில் துப்பாக்கியைப் பார்த்தால் நாலு பேர் என்ன சொல்லுவாங்க? நீங்களே இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் அந்தச் சகோதரி.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இக்காலத்தில் அது ஒரு தாயின் கேள்வி மட்டுமன்று. நம் வீடுகள் பலவற்றின் கேள்வி. எனவே மார்க்கம் என்ன சொல்கிறது, இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, இந்த விளையாட்டு உண்மையில் எப்படிப்பட்டது என்பனவற்றை நானும் விசாரித்து அறிந்தேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மார்க்கத்தின் பார்வையில்

திருமறையின் எட்டாவது அத்தியாயமான அன்ஃபாலில், இயன்ற அளவு வலிமையைத் தயார் செய்து வைக்குமாறு கூறும் வசனத்தை ஓதிக்காட்டிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவ்வலிமை என்பது எறிதலே என மும்முறை விளக்கியதாக உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் அது அம்பெய்தலைக் குறித்தது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது, நபிகளார் அருகில் நின்று ஊக்கமூட்டியதைப் புகாரியில் காண்கிறோம். நம் ஃபிக்ஹு நூல்களில் பந்தயத்திற்கும் அம்பெய்தலுக்கும் தனி அத்தியாயமே உண்டு. போட்டியாளர் இருவரும் பணம் கட்டி, வென்றவர் அள்ளிச் செல்வது சூதாகும். வெளியார் ஒருவர் பரிசளிப்பது ஆகும் என்ற வேறுபாட்டையும் அங்கே காணலாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் அம்பெய்வதில் வல்லவராக விளங்கினார்கள் என்பதை அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடத் தவறவில்லை.

ஆனால், இதே மார்க்கம் ஆயுதத்திற்கு எத்தனை வேலி போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடக்கூடும் என நபிகளார் எச்சரித்தார்கள். விளையாட்டுக்காகவும் அது கூடாது. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டுமெனப் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பதையும் தடுத்தார்கள்.

இவற்றை மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆயினும் இவற்றின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது ஒரு துப்பாக்கி சுடும் தளத்தில்தான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

உயிர்களைச் சுடுவது இதிலே சேராது

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கண்மாய்க் கரைகளிலும் தோப்புகளிலும் ஏர்கன்னை வைத்துக்கொண்டு புறாவையும் கொக்கையும் சுட்டுத் திரியும் இளைஞர்களைச் சிலர் கண்டிருக்கலாம். அது விளையாட்டாகாது. பறவையொன்றைக் கட்டி வைத்துக் குறி பார்த்த குறைஷி இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபிகளார் சபித்ததைச் சொல்லிக் கண்டித்தார்கள். நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வகை வேட்டையைத் தடை செய்கிறது. பிள்ளை கேட்பது போட்டியா, வேட்டையா என்பதைப் பெற்றோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

போட்டி என்பது என்ன?

சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே ஐந்து பலூன் உடைந்தால் கைதட்டுவார்கள். ஒலிம்பிக்கில் 1988 முதல் இடம்பெற்றுவரும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி வேறு வகை. இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்றின் விசையால் 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெல்லட் எனும் ஈய ரவை பாய்கிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பத்து மீட்டர் தொலைவில் நின்று, ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். மறு கை உதவக் கூடாது. 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். முழு மதிப்பெண் 600. முன்பு பெண்களுக்கு 40 முறையாக இருந்தது. 2018 முதல் இருபாலாருக்கும் 60தான்.

பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி. அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பத்து மீட்டர் தொலைவில் அது சுமார் 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்தை எதிர்பார்த்த ரவை ஏழில் போய் விழும். ஆகையால்தான் பயிற்சியாளர்கள், இலக்கை உற்றுப் பார்க்காதே, முன்குறியை உற்றுப் பார் என்கிறார்கள். கண் ஒரே சமயத்தில் மூன்று தொலைவுகளைத் தெளிவாகக் காணாது. முன்குறி தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிந்தால் சரி.

கை ஆடத்தான் செய்யும்; ஆடாத கை எவருக்கும் இல்லை. அந்த ஆட்டத்தோடேயே விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இப்போது சரியாக இருக்கிறது என்று சட்டென்று இழுத்தால் குறி தவறும். மூச்சை இலேசாக நிறுத்திய சில விநாடிகளுக்குள் சுட முடியாவிட்டால் கையை இறக்கிவிட வேண்டும். மீண்டும் மூச்சு வாங்கி, மீண்டும் உயர்த்த வேண்டும். சுடாமல் இறக்குவதற்குத்தான் அதிகப் பயிற்சி தேவை என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார்.

அதைக் கேட்டபோது எனக்கு உஹத் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடந்த அப்போரில், அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் குன்றின்மேல் நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களும் குறி தவறாதவர்கள்தாம். வெற்றி கிட்டிவிட்டது என்ற அவசரத்தில் பெரும்பாலோர் இடத்தைவிட்டு இறங்கினர். அதன் விளைவை நாம் அறிவோம். அன்று குறைந்தது கைத்திறனா? பொறுமையல்லவா?

தொடங்கும் முறை

சட்டம் முதலில். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, 0.177 அங்குலத்திற்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்குள் வருவது. 25 மீட்டர் போட்டிக்குரிய 0.22 கைத்துப்பாக்கி வெடிமருந்து உள்ளது. அதற்கு உரிமம் கட்டாயம். தொடங்குவோர் ஏர் பிஸ்டலிலேயே தொடங்குவது முறை.

அடுத்து, எதையும் வாங்காதீர்கள். போட்டித் தரமுள்ள வெளிநாட்டு ஏர் பிஸ்டல் இலட்ச ரூபாயைத் தாண்டும். முறையாகப் பதிவு பெற்ற ரைபிள் கிளப் ஒன்றில் பிள்ளையைச் சேர்த்து, அங்குள்ள துப்பாக்கியிலேயே சில மாதம் பழகட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடை ஏறத்தாழ ஏர் பிஸ்டலின் எடைதான். அதைக் கை நீட்டிப் பிடித்து, அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நாளொன்றுக்குப் பத்து முறை. காசு செலவில்லை. ஒரு வாரத்தில் சலித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்பதும் தெரிந்துவிடும்.

பள்ளி, கல்லூரிகளிலுள்ள என்.சி.சி. இன்னொரு வாசல். அங்கே ரைபிள் சுடும் பயிற்சி உண்டு. கிளப்பிலிருந்து மாநிலப் போட்டி, பின்னர் மண்டல அளவிலும் ஜி.வி.மாவ்லங்கர் பெயரிலும் நடக்கும் போட்டிகள், அதன்பின் தேசியப் போட்டி எனப் படிகள் உள்ளன. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர்தான் 1951இல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர்.

ஒரு சிறு எச்சரிக்கை: ரவைகள் ஈயத்தாலானவை, ஈயம் உடலுக்கு நஞ்சு. பயிற்சி முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு

நம் பெண்மக்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். ரைபிள் போட்டிக்குத் தடித்த தனி உடை உண்டு. பிஸ்டலுக்கு அது தேவையில்லை. உடல் முழுதும் மறைத்த சாதாரண உடையே போதும். சுடும் கையின் மணிக்கட்டு மட்டும் மூடப்படாதிருக்க வேண்டும், அதில் வளையலோ கடிகாரமோ இருக்கலாகாது. ஈரானைச் சேர்ந்த லிடா ஃபரிமான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தலையை மறைத்த உடையோடு கலந்துகொண்ட துப்பாக்கி வீராங்கனை. தம் நாட்டுக் கொடியையும் அவரே ஏந்திச் சென்றார். நம் நாட்டில் பூனாவின் அனீசா சையது, என்.சி.சி.யில் துப்பாக்கியைத் தொட்டவர்; இரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே பயின்றார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 25 மீட்டர் பிஸ்டலில் தனியாகவும் இணையாகவும் இரண்டு தங்கம் வென்றார். 2014 கிளாஸ்கோவில் வெள்ளி. தமிழகத்திலிருந்து ஸ்ரீ நிவேதா 2021இல் டெல்லி உலகக் கோப்பையில் ஏர் பிஸ்டல் குழுத் தங்கம் பெற்ற மூவருள் ஒருவர். அக்குழுவிலிருந்த மனு பாக்கர் அதே ஆண்டு டோக்கியோவில் துப்பாக்கி பழுதாகிக் கண்ணீரோடு திரும்பியவர். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார்.

வயது கடந்துவிட்டதே என்போருக்குத் துருக்கியின் யூசுஃப் திகெச் இருக்கிறார். 2008 முதல் ஐந்து ஒலிம்பிக்குகள். முதல் பதக்கம் கிடைத்தது 2024இல், 51ஆம் வயதில். ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்றதை உலகமே பார்த்தது.

அந்த ஒரு கணம்

இவற்றையெல்லாம் சொன்னபின், ஒரு முறை சேர்த்துப் பார்ப்போம் என்று தந்தை இசைந்தார். மூன்றாம் வாரம் அவர் அழைப்பின்பேரில் நானும் பயிற்சித் தளத்திற்குச் சென்றேன். பிள்ளை அன்று நன்றாகவே சுட்டான். ஒரு ரவை ஒன்பதில் விழுந்தது. மகிழ்ச்சி தாளாமல், "அத்தா, பாருங்க! ஒன்பது!" என்று திரும்பினான். கையில் துப்பாக்கி, அதன் வாய் தந்தையின் நெஞ்சை நோக்கி.

பயிற்சியாளர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியை இலக்கின் பக்கம் திருப்பினார். அதனுள் ரவை இல்லை. இருந்தும் அதை வாங்கி வைத்துவிட்டு, "இன்று பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போ" என்றார். தந்தை, "காலிதானே, சார்?" என்றார். "காலித் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது, பாய்" என்று பதில் வந்தது.

அப்போது என் மேனி சிலிர்த்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நபிகளார் போட்ட வேலியல்லவா இது! பல ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, அந்த நபிமொழி அன்றுதான் கண்ணெதிரே நின்றது. இலக்கைக் குறி பார்த்துச் சுடத் தயாராகும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது, வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், கீழே வைக்கும்போது உள்ளே காலி என்பதைக் காட்டும் வண்ண நூலைச் செருக வேண்டும் என்ற விதிகளை நம் பிள்ளை மற்றெவரையும்விட நன்கு கடைப்பிடிக்க வேண்டாமா?

தாயின் கேள்விக்கு

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. நாலு பேர் என்ன சொல்வார்கள்? அச்சம் அடியோடு நீங்கிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீண் சந்தேகம் கொள்வோர் இருக்கத்தான் செய்கிறார்கள். நாம் செய்யக்கூடியது, எதையும் வெளிச்சத்தில் செய்வது. கிளப் உறுப்பினர் அட்டை, பள்ளியின் கடிதம், போட்டிச் சான்றிதழ்கள், வாங்கினால் அதன் ரசீது ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். துப்பாக்கியைக் கிளப்பிலேயே வைக்க வழியிருந்தால் அங்கேயே வையுங்கள். வீட்டில் வைத்தால் பெட்டியில் பூட்டி, சாவி பெற்றோரிடம் இருக்க வேண்டும். ஜமாஅத்தாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நீங்களாகவே சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி பிடித்தபடி படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் கூடவே கூடாது. பதக்கத்தோடு நிற்கும் படம் போதும். அதற்குரிய நாள் வரட்டும்.

அந்தப் பிள்ளை மறு வாரமும் சென்றான். தாய்க்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. ஆனால் முன்போல் சின்னஞ்சிறு விஷயத்திற்கெல்லாம் தம்பியிடம் கை ஓங்குவதில்லை என்று அவரே சொன்னார். எனக்கு அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் முதுமையிலும் அம்பெய்து பழகினார்களாம். இத்தள்ளாத வயதில் ஏன் இந்தச் சிரமம் என ஒருவர் வினவ, கற்றபின் கைவிடுவதை நபிகளார் கண்டித்ததைக் கேட்டிருக்கிறேன் எனப் பதிலளித்தார்கள். தொடங்குமுன் நன்கு யோசியுங்கள். தொடங்கியபின் பிள்ளை சலிக்காமல் தொடரத் துணை நில்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைச் செல்வங்களின் கைகளுக்கு உறுதியையும் உள்ளங்களுக்குப் பொறுமையையும் தந்து, அவர்களால் எவருக்கும் தீங்கு நேராமல் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.