தூக்கத்தைக் கேட்கும் மருத்துவம் சாதியையும் கேட்கட்டும்

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் சாமியின் பெயர் வைத்தியநாதர். நான் இந்தப் பகுதிக்காரன். மனம் பேதலித்தவரைக் கோயிலில் உட்கார வைப்பது, கோடாங்கியிடம் கூட்டிப்போவது, எதற்கும் தீராவிட்டால் ஏர்வாடிக்குப் பஸ் ஏற்றுவது என்பதுதான் எங்கள் பக்கத்து வைத்தியமாக நெடுங்காலம் இருந்தது. இதை மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அரசு அவர்களுக்கு வேறு எந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது?

சென்னையில் 1794 முதலே மனநோயாளர் காப்பகம் உண்டு. அது கம்பெனி ஆட்சியில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. மனநலத்துக்கென்று தமிழக அரசு நடத்தும் தனி மருத்துவமனை அது ஒன்றுதான். கூலிக்காரக் குடும்பம் அங்கே போய்ச் சேருவது எப்படி?

நோயாளி மருத்துவத்தைத் தேடி அலையக்கூடாது, மருத்துவம் அவர் ஊருக்கு வரவேண்டும் என்ற எண்ணம் 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டத்தில் எழுத்தானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் செய்து காட்டியது. 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று திருச்சி. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய் மருந்தும் ஆலோசனையும் தருவதுதான் திட்டம்.

திட்டம் எல்லா இடத்துக்கும் வந்து சேரும் முன்பே, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. 28 உயிர்கள் போயின. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மனநல மருத்துவத்தை உரிமையாக்கியது. சாதியின் பேரால் அதில் பாகுபாடு கூடாது என்றும் எழுதியது.

வரவேற்போம். ஆனால் சாதி, சிகிச்சை மறுக்கப்படும் வாசலில் மட்டுமா நிற்கிறது? நோயை உண்டாக்கும் இடத்திலும் அதுதானே நிற்கிறது!

1997 மே மாதம், வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் போக்குவரத்துக் கழகம் வருவதை ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. விருதுநகர் மாவட்டம் கலவரத்தில் பற்றியது. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் பேருந்திலிருந்து அழித்தது. அந்த இரவுகளில் பயந்து விழித்திருந்த பிள்ளைகளின் மனதில் பதிந்ததை எதைக் கொண்டு அழிப்பது? 2016இல் ரோகித் வெமுலாவையும், 2019இல் மருத்துவர் பாயல் தட்வியையும் இழந்தோம். சாதி பிடுங்கிய உயிர்களைத் தனிமனிதரின் ‘மன உளைச்சல்’ என்று கணக்கு முடிப்பது எவ்வளவு வசதி!

வேறு வழி உண்டு என்பதற்கு வரலாறே சாட்சி. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில், 1946இல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லஃபார்க் மனநல நிலையம் திறக்கப்பட்டது. எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் துணைநின்றார். மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தம் நடத்தினார். கட்டணம் 25 சென்ட். நிறவெறி தரும் காயத்தை நோயாளியின் தனிக் கோளாறாக அவர்கள் பார்க்கவில்லை. டெலவேர் மாநிலப் பள்ளி வழக்கில், பிரித்து வைப்பது குழந்தைகளின் மனதைக் கெடுக்கிறது என்று வெர்தம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பள்ளிப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் அதுவும் ஒன்று.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கும், ராஜபாளையம் மில் தொழிலாளிக்கும் மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூலி போகிறது. ஆகவே முகாம் அவர் இருக்கும் பகுதிக்கு வரவேண்டும். சேரிக்காரர் தயங்காமல் நுழையக்கூடிய இடத்தில் நடக்கவேண்டும். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்கும் குழு, உன்னை யார் என்ன சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்றும் கேட்கவேண்டும். அதைக் கேட்கத் தெரிந்த நம் பிள்ளைகள் அந்தக் குழுவில் இருக்கவேண்டும்.

வன்கொடுமை நடந்த ஊருக்குப் போலீஸ் போகிறது, வட்டாட்சியர் போகிறார். மாவட்ட மனநலக் குழுவும் போகட்டும். ஒரு நாள் போய்த் திரும்பாமல், மாதக்கணக்கில் போகட்டும். கைது, நிவாரணம், அரசு வேலை என்று நாம் எழுதும் கோரிக்கை மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்ப்போம், தோழர்களே.