பதினாறாம் நாளுக்குப் பிறகு: குடும்பத்தைக் காப்பாற்றுவது எந்தப் பத்திரம்?

சுங்கை பூலோ – ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மரங்கள் நின்ற இந்த வட்டாரத்து நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா எழுந்து வருகிறது. அதை மேம்படுத்தும் குவாசா லேண்ட், ஊழியர் சேமநிதி வாரியத்துக்கு (இபிஎஃப்) சொந்தமான நிறுவனம். தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்த பணம் இப்படி நிலமாகவும் கட்டடமாகவும் வளர்கிறது. ஆனால், பணம் கட்டியவர் இறந்துவிட்டால் அவருடைய சேமிப்பு யார் கைக்குப் போகும் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இல்லை.

ஒரு மரணம் நேர்ந்தால் நம் சமூகம் கூடி நிற்கத் தவறுவதில்லை. கூடாரம் போடுவது முதல் கருமக்கிரியை வரை ஆளுக்கொரு வேலையை எடுத்துச் செய்கிறார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அலுவலக முகப்புகளுக்கு ஏறி இறங்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அங்கே பெரும்பாலும் மனைவி தனியாகத்தான் நிற்கிறார்.

முதல் ஏழு நாள்

தீபகற்ப மலேசியாவில் மரணத்தை ஏழு நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அங்கு தரும் உறுதிப் பத்திரம், இறந்தவரின் மைகாட், பதிவு செய்பவரின் மைகாட் ஆகியவை தேவை. வீட்டில் இறந்தால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக் அல்லது காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, மரணம் முறையாக உறுதி செய்யப்பட்ட பிறகே தகனத்துக்கு நேரம் குறிப்பது நல்லது. இபிஎஃப், சொக்சோ, வங்கி, காப்புறுதி என எங்கே போனாலும் முதலில் கேட்பது மரணப் பத்திரத்தைத்தான். அசலை யாரிடமும் விட்டுவிடாமல், பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுத்துச் செலவு செய்வது பல குடும்பங்களில் நடக்கிறது. அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது என்பதால் பின்னால் வழக்குக்கும் வாய்ப்பு உண்டு. வங்கிக்கு உடனே தெரிவிப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், மீதக் கடனை அது அடைக்கக்கூடும். அதைக் கேட்டுப் பார்க்காமலேயே மாதத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தாலி மட்டும் போதாது

1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் இதன்படி பதிவு செய்யப்பட வேண்டும். ஆனாலும், கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, பதிவை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட தம்பதியர் தோட்டப்புறத்திலும் இருக்கிறார்கள், தாமான்களிலும் இருக்கிறார்கள்.

ஊரே மனைவி என்று அறிந்த பெண், கணவர் இறந்த பிறகு முகப்பில் நிற்கும்போது அதிகாரி கேட்பது திருமணப் பத்திரத்தை. கல்யாணப் படம் அதற்கு ஈடாகாது. சொக்சோவின் வாரிசு ஓய்வூதியத்தில் துணைவருக்கு ஐந்தில் மூன்று பங்கும், பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் உண்டு. மாதம் தவறாமல் வரக்கூடிய அந்த வருமானமே ஒரு காகிதத்துக்காக முடங்கிப் போகலாம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயரும் இல்லையென்றால் சிக்கல் இரண்டு மடங்காகும்.

இரண்டு கணக்கு, இரண்டு முடிவு

ஓர் உதாரணம். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒருவர் இபிஎஃப் வாரிசாகத் தாயாரின் பெயரைக் கொடுத்தார். பிறகு மணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்தன. பெயரை மாற்றவில்லை, உயிலும் எழுதவில்லை. 45 வயதில் இறந்துவிடுகிறார். தந்தை முன்பே காலமாகிவிட்டார்.

இபிஎஃப் சேமிப்பு முழுவதும் தாயாருக்குப் போகும். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் குறிப்பிட்ட வாரிசு, அந்தப் பணத்துக்கு முழு உரிமையாளர். கல்யாணம் ஆனதால் பழைய பெயர் தானாக நீங்கிவிடாது.

அவர் பெயரில் இருந்த வீட்டுக்குக் கணக்கு வேறு. 1958-ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருந்தால், துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. கணவரோடு சேர்ந்து கடன் கட்டிய வீட்டில், பெயர் சேர்க்கப்படாத மனைவி கால் பங்குக்காரராகிறார். மாமியாரும் மருமகளும் மோதிக்கொள்வது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. எழுதி வைக்காமல் போனவர் விட்டுச் சென்ற குழப்பம் அது.

எந்தக் கதவைத் தட்டுவது?

உயில் இல்லாமல், வங்கிப் பணம், வாகனம் போன்ற அசையும் சொத்து மட்டும் 6 இலட்சம் ரிங்கிட் வரை இருந்தால் அமானா ராயாவை நாடலாம். வீடோ நிலமோ சேர்ந்திருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, அந்தச் சொத்து இருக்கும் மாவட்டத்துக்கான பிரிவில் விண்ணப்பிக்கலாம். இதன் வரம்பு 20 இலட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 50 இலட்சமாக உயர்த்தியது. சாதாரணக் குடும்பங்களின் சொத்துகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். உயில் இருந்தாலோ, மதிப்பு இந்த வரம்பைத் தாண்டினாலோ உயர்நீதிமன்றம் செல்ல வேண்டும்.

தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீட்டில், அடுத்தடுத்து ஒவ்வொருவர் இறக்கும்போதும் வாரிசுகள் கூடிக்கொண்டே போவார்கள். மூன்று கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது முப்பது கையெழுத்தில் வந்து நிற்கும். யாரும் தொடாத வங்கிக் கணக்கும் ஏழு ஆண்டுக்குப் பிறகு உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். அதை மீட்கலாம், ஆனால் மறுபடியும் அலைச்சல்தான்.

இருக்கும்போதே செய்ய வேண்டியது

பதிவு செய்யாத தம்பதியர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிவிலாகாவையோ துணைப் பதிவாளர் உள்ள கோயிலையோ அணுக வேண்டும். ஒருவர் போன பிறகு இது சுலபமல்ல. இபிஎஃப், காப்புறுதி வாரிசுப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். உயில் எழுதுபவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய துணைவரோ சாட்சியாக நின்றால், அவருக்கு எழுதியது செல்லாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயிலும் பொதுவாகக் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும்.

சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று பெரியவர்கள் வாயை அடைப்பதுண்டு. அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் பின்னால் மிஞ்சும் மனைவியும் பிள்ளைகளும். கருமக்கிரியைக்குத் தோள் கொடுக்கும் கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும், மலாய்ப் பாரங்களை நிரப்பத் தெரிந்த ஒருவரைப் பதினேழாம் நாளிலும் அந்த வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் குடும்பம் தனியாக அலைய வேண்டியிராது.