140 ரூபாய் மிச்சம் பிடித்த கதை

ஊருக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் காரை விட்டு இறங்கியதும் சொல்வது இதுதான்: "மாமா, இந்த வருஷம் வண்டி நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. அதனால ஆயில், ஃபில்டர் எதுவும் மாத்தல." ஏதோ சிக்கனம் பண்ணிவிட்ட மாதிரி சொல்வார்கள். நான் மோரைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். மனசுக்குள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் முகம் வந்து போகும்.

சில வருஷம் முன்னால் டிராக்டருக்கு ஆயில் ஃபில்டர் வாங்கப் போனேன். நல்லது 320 ரூபாய். "அதே மரை, அதே அளவு, 180க்கும் இருக்குதுங்க" என்று கடைக்காரர் இன்னொன்றை எடுத்து வைத்தார். பார்க்க ஒண்ணாத்தான் இருந்தது. ரெண்டு வாங்கினேன். ஒன்றை அண்ணனிடம், "140 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்று பெருமையாக நீட்டினேன்.

ஆடியில் நல்ல மழை. கடலை போட அண்ணன் உழுதுகொண்டிருந்தார். ஆயில் விளக்கு எரிந்ததை வெயிலில் கவனிக்கவில்லை. கடகடவென்று சத்தம் வந்து வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. மெக்கானிக் ஃபில்டரை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். உள்ளே காகிதம் பசை விட்டுப் பிய்ந்து, சுருண்டு, ஆயில் போகிற வழியையே அடைத்திருந்தது. அடைப்பு வந்தால் திறக்கவேண்டிய வால்வு பேருக்குத்தான் இருந்தது. பேரிங் எல்லாம் போச்சு. செலவு 28,000 ரூபாய். அதைவிடப் பெரிசு, ஊரில் இருந்த மற்ற வண்டிகளும் உழவில் மாட்டியிருந்ததால் மண்ணின் ஈரம் காய்ந்துபோய் அந்தப் பட்டமே தவறியது. பாதிப் பணம் தருகிறேன் என்றேன். "நீ என்ன, தெரிஞ்சா குடுத்த?" என்று மறுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதுக்கப்புறம்தான் ஃபில்டரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கார் வைத்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

என் தோட்டத்தில் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். அதிலும் ஃபில்டர் உண்டு. அடைத்தால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வராது, கண்ணில் தெரிந்துவிடும். கார் எஞ்சினில் அப்படி இல்லீங்க. ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே எஞ்சினுக்குள் போகும். ஆயிலே போகாமல் இருப்பதைவிட அது மேல் என்பதற்காக அந்த ஏற்பாடு. வண்டியும் ஓடும். அதனால் "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பது ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

மரை பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். பைபாஸ் எந்த அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள பாக நம்பரைப் பார்த்து, கம்பெனிப் பொருளோ, அதற்கு இணை என்று நம்பர் போட்டு வரும் பேர்பெற்ற தயாரிப்போ வாங்குங்கள். பில் கேளுங்கள். அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு இருந்தால் தொடவே வேண்டாம். ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். காகித மடிப்பு ஒரே சீராக இருக்கவேண்டும். ஓரத்து ரப்பர் வால்வு வளையணும், விறைப்பாக இருக்கக் கூடாது. வண்டி நிற்கும்போது ஃபில்டரில் இருக்கிற ஆயில் வடிந்துவிடாமல் காப்பது அதுதான். அது கெட்டால், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ரெண்டு மூணு விநாடி கடகடக்கலாம்.

அதுக்காக விலை அதிகமானதுதான் நல்லது என்றும் இல்லை. ரேஸ் வண்டி ஃபில்டர் நம்ம காருக்கு எதுக்கு? சரியான நம்பர், அசல் பொருள். அவ்வளவுதான்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருந்தால், அதன்மேல் புதிசை மாட்டி ஆயில் ஒழுகும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கச் சொல்லுங்கள். சில கார்களில் டப்பா இருக்காது, காகிதக் கூடு மட்டும் மாற்றுவார்கள். அதற்கும் புது வளையம் போடணும்.

இனி அந்த நாலாயிரம் கிலோமீட்டர் விஷயம். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருதோ அது என்றுதான் புத்தகத்தில் இருக்கும். வீட்டிலிருந்து மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று ரெண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். குறைவாக ஓடுகிற வண்டிக்குத்தான் வருஷக் கணக்கு முக்கியம்.

சீட் கவருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற நாம், ஃபில்டரில் மட்டும் பேரம் பேசுகிறோம். சீட் கவர் கண்ணுக்குத் தெரியும், ஃபில்டர் தெரியாது. அண்ணன் இப்போதும் ஃபில்டர் வாங்க என்னைத்தான் அனுப்புகிறார். நானும் பில்லோடுதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.