குழந்தைக்கு எதற்கு இருமல் சிரப்?

குழந்தை இரண்டு நாள் இருமினால் போதும், வீட்டில் ஒருவர் மருந்துக்கடைக்குக் கிளம்பிவிடுகிறார். சிரப் கொடுக்காவிட்டால் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும், அப்புறம் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும் என்ற பயம் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு வரும் சளி, இருமலில் பெரும்பகுதி வைரஸால் வருவது, தானாகவே அடங்குவது. மூச்சுக்குழாயில் சேர்வதை வெளியே தள்ள உடம்பு செய்யும் வேலைதான் இருமல். நிமோனியா வருவது கிருமி நுரையீரலைத் தாக்குவதால். எந்த இருமல் சிரப்பும் அதைத் தடுத்ததில்லை.

'கொடுத்தோம், சரியாகிவிட்டதே' என்பார்கள். கொடுக்காமல் இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த கட்டுரையின்படி, சாதாரண இருமல் பாதிப் பிள்ளைகளுக்கு 10 நாளில் நிற்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நிற்பதற்கு 25 நாள்வரை ஆகிறது. நாமோ மூன்றாம் நாளே பொறுமை இழந்து ஒரு சிரப், ஆறாம் நாள் வேறொன்று என்று மாற்றுகிறோம். இருமல் ஓயும் நாளில் எந்த பாட்டில் கையில் இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இரவு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமல் மருந்து கொடுத்த பிள்ளைகளின் நிலை, எதுவுமே கொடுக்காத பிள்ளைகளைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மேலாக இல்லை. பெற்றோரின் மதிப்பீட்டில் முந்தி நின்றது தேன்தான். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு வழிவிடும்.)

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்ற வாதம்தான் இவற்றில் மிக ஆபத்தானது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனைக்கூடம் கண்டறிந்தது. 2022இல் காம்பியாவிலும் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளைக் குடித்த பிள்ளைகள் இப்படித்தான் மாண்டார்கள். இது கம்பெனிகளின் குற்றம், கண்காணிக்காத அதிகாரிகளின் குற்றம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தண்டனை கடுமையாகவே இருக்க வேண்டும். ஆனால் உயிர்காக்கும் மருந்தென்றால் ஓர் அபாயத்தைத் தாங்கிக்கொள்ளக் காரணம் உண்டு. பலனே தராத ஒன்றுக்காக எதற்குக் குழந்தையின் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது? கலப்படமில்லாத சிரப்பும் அளவு கூடினால் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும். கோல்ட்ரிஃப்பில் இருந்ததுபோல் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023லேயே சொல்லிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை, சிரப் நம் கவனத்தைத் தவறான இடத்தில் நிறுத்திவைப்பது. பார்க்க வேண்டியது மூச்சை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, அதிலிருந்து ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டால் அது வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வீசிங் வந்து வந்து போகும் பிள்ளைக்குத் தேவை இன்ஹேலர். 'பழகிவிடும்' என்று அதை ஒதுக்கிவிட்டு சிரப்பைத் தேடுவது இன்னொரு கொடுமை. நிமோனியா என்று உறுதியானால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அமாக்சிசிலின் என்ற மலிவான மருந்தே முதல் சிகிச்சை. அதைத் தொடங்கியிருக்க வேண்டிய நாள்கள்தான் சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் கழிந்துவிடுகின்றன.