காருக்குப் புது ஆடை, பெல்ட்டுக்குப் புதைகுழியா?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். மனிதனுக்கு மட்டும் அல்ல, காருக்கும் இது பொருந்தும். பத்து ஆண்டு ஓடித் தேய்ந்த கார்தான். ஆனால் சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டு, தொங்கும் கூரைத் துணியையும் மாற்றிவிட்டால், புது மாப்பிள்ளை போல ஆகிவிடும்.

இந்த அலங்காரத்தில் மும்பை டாக்சிகள் பெயர் பெற்றவை. குர்லா தொழிற்சாலையில் பிறந்த பத்மினி டாக்சியை யார் மறக்க முடியும்? வெளியே எல்லாம் ஒரே கறுப்பு, மஞ்சள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கோலம். பூப்போட்ட ரெக்சின், கூரையில் வண்ணத் துணி, முன்னால் சாமி படம். 2015–ம் ஆண்டில் 'டாக்சி பேப்ரிக்' என்ற பெயரில் ஓவியக் கலைஞர்களே வடிவமைத்த துணிகள் சில டாக்சிகளின் சீட்டிலும் கூரையிலும் ஏறின.

கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29–ந் தேதி பதிவானது. 20 ஆண்டு கெடு முடிந்து, 2023 அக்டோபரோடு அது விடைபெற்றது. வண்டி மாறிவிட்டது. அலங்கார ஆசை மாறவில்லை.

ஆசையில் தவறு இல்லை. டாக்சி டிரைவருக்கு அந்த சீட்டுதான் அலுவலகம். சில நேரம் படுக்கையும் அதுதான். ஸ்பிரிங் குத்தினால் முதுகு போய்விடும். மழைக்காலத்தில் நனைந்த சவாரிகள் ஏறி இறங்கினால் துணி சீட்டு ஊறி நாறும். ரெக்சின் என்றால் ஒரு துடைப்பில் தீர்ந்தது. எனவே உறை மாற்றுவது வீண் செலவு அல்ல.

ஆனால் அந்த உறைக்கு அடியில் என்ன போகிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பின்சீட்டு முழுவதையும் ஒரே துணியால் இழுத்து மூடும்போது, பெல்ட்டை மாட்டும் கொக்கிகளும் உள்ளே புதைந்துவிடுகின்றன. "பின்னால் யார் சார் பெல்ட் போடுகிறார்கள்?" என்பதே பதில்.

2022 செப்டம்பர் 4–ந் தேதி பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்து இதற்குப் பதில் சொல்லியது. தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரியும் இன்னொருவரும் அதில் இறந்தார்கள். இருவரும் பின்சீட்டில் இருந்தவர்கள். பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். முன்சீட்டில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். விலை உயர்ந்த காருக்கே அந்தக் கதி.

அதன் பிறகு, 2022 நவம்பர் 1 முதல் காரில் செல்லும் அனைவரும் பெல்ட் அணிய வேண்டும் என்று மும்பை போலீசார் அறிவித்தனர். 2019–ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி இதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம். கொக்கியே கண்ணுக்குத் தெரியாத வண்டியில் பயணி எதை அணிவார்?

இன்னொன்றும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில், முன்சீட்டின் ஓரத்திலேயே காற்றுப் பை இருக்கிறது. மோதும் நொடியில் அது தையலைப் பிளந்துகொண்டு வெளிவர வேண்டும். அதன் மேல் கனத்த உறையை இறுக்கித் தைத்தால், காப்பாற்ற வந்தவனை வாசலில் பூட்டி வைத்தது போலத்தான்.

பரிகாரம் கடினம் அல்ல. குஷன் கடையில் வண்டியை விடும்போதே, கொக்கிகள் வெளியே வர இடம் விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். காற்றுப் பை உள்ள சீட்டுக்கு, அந்த ஓரம் திறந்த உறையையே கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து, மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தினவாடகைக்கு வண்டி ஓட்டும் டிரைவர் தலையில் இந்தச் செலவைக் கட்டாமல், வண்டிச் சொந்தக்காரர் ஏற்பதே நியாயம்.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஊருக்குப் போக மனைவி மக்களோடு டாக்சியில் ஸ்டேஷனுக்குச் செல்பவர்கள், ஏறியதும் மீட்டரைப் பார்க்கிறார்கள். பெல்ட் எங்கே என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது சவாரிக்கு முன் கொக்கி வெளியே வந்துவிடும்.

காருக்கு அழகு வேண்டும். அதற்காகப் பெல்ட்டைப் புதைப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வேலை!