நர்ஸ் படிப்பு: கணக்கை முழுதாகப் போடுவோம்!

ப்ளஸ் டூ பரீட்சை முடிவு வந்ததும் கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களில் ஒரு கேள்வி எழுகிறது. ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கூலிக்குப் போகும் தாயும், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தகப்பனும் கேட்கிறார்கள்: “மகளை நர்ஸிங் படிக்க வைக்கலாமா? போடுகிற காசு திரும்புமா?” பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டிலும் இதே பேச்சுதான்.

“நோயாளிக்குச் செய்யும் சேவையைக் காசால் அளக்கலாமா?” என்று உபதேசம் செய்யச் சில பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்தைப் பைசா குறையாமல் வசூலிக்கிறவர்களும் அவர்களேதான்! அன்றாடங்காய்ச்சி கணக்குப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அந்தக் கணக்கை முழுதாகப் போட வேண்டும் என்கிறோம்.

முதலில் படிப்பு எது என்று பார்ப்போம். துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருஷம். டிப்ளமா நர்ஸிங் மூன்று வருஷம். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷம். இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்து முடித்தவர்தான் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பேரைப் பதிய முடியும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில் அது. அந்தப் பதிவு இல்லாதவர், எத்தனை சர்ட்டிபிகேட் வைத்திருந்தாலும், சட்டத்தின் முன் நர்ஸ் ஆக மாட்டார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டி, “ஆறு மாதத்தில் நர்ஸ், வேலை உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கே கட்டும் பணம் கிணற்றில் போட்ட கல். அந்தப் பெண்கள் ஆயுள் முழுவதும் “உதவியாள்” என்ற பேரில் நர்ஸ் வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்ய வேண்டியதுதான்.

இனி பணக் கணக்கு. தனியார் கல்லூரியில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருஷத்துக்கு நான்கு லட்சம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு ரூ. 336. அந்தக் கூலியில் நான்கு லட்சம் என்பது 1,190 நாள் உழைப்பு. ஒருவேளைக் கஞ்சிகூடக் குடிக்காமல் சேர்த்தாலும், தினமும் வேலை கிடைத்தாலும், மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே கடன்தான் வழி என்றாகிறது.

யாரிடம் கடன்? ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குகிறோம் என்று வையுங்கள். வருஷா வருஷம் தொடக்கத்தில் ஒரு லட்சமாக வாங்கினால், படிப்பு முடியும் நாளில் வட்டி மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரம் நிற்கும்! அதற்குப் பின்னும் அசலுக்கு மாதம் ரூ. 8,000 வட்டி ஓடும். வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சின்ன ஆஸ்பத்திரியில் நுழையும் பெண்ணுக்குச் சம்பளம் 12,000 என்றால், மிஞ்சுவது 4,000. அசலில் ஒரு ரூபாயும் குறையாது. மகள் இரவு பகலாக உழைப்பது நோயாளிக்கா, வட்டிக்காரனுக்கா?

பாங்கிக் கடன் வேறு. கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது பாங்கிகளின் விதி. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்க வேண்டும். மானேஜர் முகம் சுளித்தால் கும்பிட்டுத் திரும்பி வராதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சங்கத் தோழர்களை உடன் அழைத்துப் போங்கள்.

அடுத்த கண்ணி, சர்ட்டிபிகேட். வேலையில் சேரும்போது அசல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும், இடையில் போனால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆலைத் தோழர்களே, இந்த வித்தை உங்களுக்குப் பழக்கமில்லையா? மூன்று வருஷம் விடுதியில் அடைந்து வேலை செய், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று நூற்பாலைகள் நம் பெண்களைப் பிடித்தனவே, சுமங்கலித் திட்டம், அதன் தங்கைதான் இது! அங்கே கூலியைப் பிடித்து வைத்தார்கள், இங்கே சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைக்கிறார்கள். படித்த சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் தைரியம் தனி ஆளுக்கு வராது. சங்கத்துக்கு வரும்.

அப்படியானால் நர்ஸ் படிப்பு வீணா? இல்லவே இல்லை. சம்பளம் எதனால் உயர்கிறது என்பதை மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சம்பளத்தை ஆராயக் கமிட்டி போடச் சொன்னது. 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியிலும் ரூ. 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில் சர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று கமிட்டி கூறியது. பரிந்துரை காகிதத்தில் இருந்தது. கேரளத்தின் நர்ஸுகளோ 2011 முதலே சங்கமாகத் திரண்டு, வேலை நிறுத்தம் செய்து, தெருவுக்கு வந்தவர்கள். 2018 ஏப்ரலில் அவர்கள் மாநிலமெங்கும் வேலை நிறுத்தத்துக்கும் நெடும் பேரணிக்கும் நாள் குறித்த பிறகுதான், அடிப்படைச் சம்பளம் ரூ. 20,000 என்று கேரள சர்க்கார் அறிவிப்பு வெளியிட்டது. அங்கே இருந்தது இடதுசாரி சர்க்கார்தான். அங்கும் போராடித்தான் பெற்றார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கேட்காத கூலி யாருக்கும் வந்ததில்லை.

சர்க்கார் வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அதிலும் சூது புகுந்துவிட்டது. 2015இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்த தமிழ்நாடு சர்க்கார், தொகுப்பூதியமாக மாதம் ரூ. 7,700 கொடுத்தது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றில் போனது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகே தொகுப்பூதியம் கூடியது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளை 2022 டிசம்பர் 31உடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டியவர்கள் கைவிட்டார்கள்!

வெளிநாட்டுச் சம்பளம் பெரிது என்பதும் உண்மையே. ஆனால் 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் போரின் நடுவே சிக்கி மீண்ட 46 இந்திய நர்ஸுகளில் பலர், படிப்புக் கடனை அடைக்கவே கடல் கடந்தவர்கள். சட்டப்படி சுமார் ரூ. 19,500 வாங்க வேண்டிய இடத்தில், குவைத் வேலைக்கு 19 லட்சத்துக்கு மேல் கறந்த கொச்சி ஏஜென்சியின் மோசடி 2015இல் அம்பலமானது. நமது சர்க்காருக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரிக்காமல் எந்தப் புரோக்கரிடமும் பணம் கட்டாதீர்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மகள் விரும்பினால் படிக்க வையுங்கள். முதலில் சர்க்கார் இடத்துக்கு மனுப்போடுங்கள். ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். சர்க்கார் டிப்ளமா நர்ஸிங் பள்ளியில் மாத உதவித்தொகையும் உண்டு. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயையும், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையையும் கேட்டு வாங்குங்கள். தனியார் கல்லூரிதான் என்றால், கவுன்சிலின் அங்கீகாரத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வட்டிக்காரனிடம் போகாதீர்கள். அசல் சர்ட்டிபிகேட்டைக் கை மாற்றாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மகளைச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது: சர்க்கார் நர்ஸிங் இடங்களைப் பெருக்கு! காலியிடங்களைத் தொகுப்பூதியத்தால் மூடாதே, நிரந்தரமாக நிரப்பு! தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ரூ. 20,000 குறைந்தபட்சச் சம்பளத்தைத் தமிழ்நாட்டிலும் சட்டமாக்கு! சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைப்பவன்மீது வழக்குப் போடு!

இது நர்ஸுகளின் பிரச்னை, நமக்கென்ன என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இருந்துவிட முடியாது. அந்த நர்ஸ் நம் வீட்டுப் பெண். க.விலக்கு ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் நம் தகப்பனுக்கு ஊசி போடுகிறவளும் அவளே. அவள் கோரிக்கை அட்டையைத் தூக்கி நிற்கும் நாளில், பந்தலிலிருந்தும் ஆலையிலிருந்தும் நாமும் அவள் பக்கத்தில் போய் நிற்போம். போட்ட காசு திரும்புமா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.